எடுத்ததைத் திரும்பப் போடாத கணக்கு: பஸராவின் அகராதியும் நமது குர்ஆவும்

ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டில் பஸரா நகரில் வாழ்ந்த கலீல் இப்னு அஹ்மத் அல்பராஹீதி (ரஹ்) அவர்களை அறபு யாப்பின் தந்தை என்று நமது மத்ரஸாக்கள் நன்றாகவே அறியும். அவரது 'கிதாபுல் ஐன்' அறபு மொழியின் முதல் பெரும் அகராதி என்பதும் தெரிந்த விஷயம். அந்த அகராதிக்குள் ஒரு கணக்கு ஒளிந்திருப்பதைப் பற்றி மட்டும் நாம் அதிகம் பேசுவதில்லை. க.பொ.த. சாதாரண தர மாணவர்கள் நிகழ்தகவுப் பாடத்தில் திணறுகிற இடமும் அந்தக் கணக்கின் நடுப்பகுதியும் ஒன்றுதான். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

அகராதி செய்ய வந்த இமாம் கலீலின் முன்னால் ஒரு சிக்கல் இருந்தது. ஒரு மொழியின் சொற்களை ஒன்றும் விடுபடாமல் எப்படித் திரட்டுவது? சந்தையிலும் பாலைவனத்திலும் காதில் விழுந்ததை எழுதிக்கொண்டே போனால் எது விடுபட்டது என்று தெரியாது. ஆகவே அவர் வழியைத் தலைகீழாக்கினார். எழுத்துக்களை வைத்து உண்டாகக்கூடிய வேர்ச்சொற்கள் அனைத்தையும் முதலில் வரிசைப்படுத்தி, அதன் பிறகு அவற்றில் எவை வழக்கில் உள்ளவை, எவை வழக்கில் இல்லாதவை என்று பிரித்தார். காஃப், தே, பே என்ற மூன்று எழுத்துக்களை எடுத்துக்கொள்ளுங்கள். 'கதப' என்றால் எழுதினான். அதே எழுத்துக்களை இடம் மாற்றினால் 'கபத', அடக்கினான். இன்னொரு முறை மாற்றினால் 'பதக', வெட்டினான். மூன்று எழுத்துக்கு இப்படி 6 வரிசைகள். நான்கு எழுத்துக்கு 24, ஐந்து எழுத்துக்கு 120. ஒரு குடும்பத்துப் பிள்ளைகளைப் போல இவை அனைத்தையும் அவர் ஒரே இடத்தில் வைத்துப் பார்த்தார்.

இதன் மொத்தத் தொகை ஒன்று அவரது பெயரால் சொல்லப்படுகிறது. ஹம்ஸா அல்இஸ்பஹானி கூறியதாக, 1505இல் வபாத்தான இமாம் சுயூத்தி (ரஹ்) தமது 'அல்முஸ்ஹிர்' நூலில் அதைப் பதிந்திருக்கிறார். இரண்டெழுத்து வேர்கள் 756. மூன்றெழுத்து 19,656. நான்கெழுத்து 491,400. ஐந்தெழுத்து 11,793,600. எல்லாம் கூட்டினால் 12,305,412. அதாவது ஒரு கோடியே இருபத்து மூன்று இலட்சத்து ஐயாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு.

இந்த எண்களை நம்பத்தான் வேண்டும் என்றில்லை. பென்சிலும் கடதாசியும் எடுத்து நீங்களே சரிபார்க்கலாம். அறபு எழுத்துக்கள் 28. முதல் இடத்துக்கு 28 எழுத்தில் எதுவும் வரலாம். வந்த எழுத்து மறுபடி வரக்கூடாது என்பதால் இரண்டாம் இடத்துக்கு 27தான் மிச்சம். 28 × 27 = 756. மூன்றாம் இடத்துக்கு 26 மிச்சம்; 756 × 26 = 19,656. அதை 25ஆல் பெருக்கினால் 491,400. அதையும் 24ஆல் பெருக்கினால் 11,793,600. சுயூத்தி பதிந்த எண்களில் ஒன்றுகூட இம்மியும் பிசகவில்லை.

அந்தப் பதிவில் ஒரு சிறிய சொற்றொடர் உண்டு: 'மின் ஙைரி தக்ரார்'. மீண்டும் வராமல் என்று அர்த்தம். இன்றைய கணக்குப் புத்தகத்தில் 'எடுத்த பொருளைத் திரும்பப் போடாமல்' என்று வருகிற நிபந்தனைதான் இது. 28, 27, 26 என்று ஒவ்வொன்றாகக் குறைந்து வருவதுதான் இதன் முழு இரகசியம்.

வகுப்பறைக்கு வருவோம். ஒரு பைக்குள் சிவப்பு மணி 5, நீல மணி 3. ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு மணிகள் எடுக்கப்படுகின்றன. எடுத்த மணி திரும்பப் போடப்படுவதில்லை. இரண்டும் சிவப்பாக இருப்பதற்கான நிகழ்தகவு என்ன? நான் படிப்பித்த காலம் முழுக்க, பதினோராம் தரத்தில் பாதி வகுப்பு 5/8 × 5/8 என்று எழுதி 25/64 என்று விடை தரும். மர வரிப்படத்தை அழகாகக் கீறியிருப்பார்கள். ஆனால் இரண்டாவது கிளையிலும் அதே எட்டு. நான் அவர்களிடம் கேட்பது ஒன்றுதான்: "எடுத்த மணி ஒங்கட கையிலதானே இருக்கு மகன், பைக்குள்ள எப்படி எட்டுக் கிடக்கும்?" கேட்டதும் சிரிப்பார்கள். பிறகு தாங்களாகவே திருத்துவார்கள். பைக்குள் 7 மணிதான், அதில் சிவப்பு 4. ஆகவே 5/8 × 4/7 = 20/56, சுருக்கினால் 5/14. சூத்திரம் எதுவும் தேவைப்படவில்லை. கையில் இருப்பது பைக்குள் இல்லை என்ற நினைவு இருந்தால் போதும்.

ஆனால் நமது சூழலில் இந்தப் பாடத்துக்கு வேறொரு தடையும் உண்டு. தாயக்கட்டை, சீட்டுக்கட்டு, நாணயம் சுண்டுதல் என்று உதாரணங்கள் வருவதைப் பார்த்த ஒரு தகப்பனார் என்னிடம் நேரில் வந்தே கேட்டார்: "சேர், இது சூதாட்டக் கணக்குத்தானே? இதப் போய் நம்மட புள்ளையளுக்குப் படிச்சுக் குடுக்கலாமா?" நல்ல மனிதர், பயந்து கேட்டார். கேள்வியும் லேசானதல்ல. 'மைஸிர்' எனும் சூது அல்மாஇதா அத்தியாயத்தில் மதுவோடு சேர்த்துத் தடுக்கப்பட்டிருக்கிறது. அதே வசனத்தில், அம்புகளை உருவிக் குறி பார்ப்பதும் தடுக்கப்பட்டிருக்கிறது. இப்படியிருக்க, பைக்குள் கைவிட்டு எடுப்பது எந்த வகையில் சேரும்?

இதற்கான பதில் நமது கிதாபுகளிலேயே இருக்கிறது. மர்யம் (அலை) அவர்களை யார் பொறுப்பேற்பது என்று எழுதுகோல்களைப் போட்டுப் பார்த்த செய்தியை ஆலஇம்றான் அத்தியாயம் சொல்கிறது. யூனுஸ் (அலை) அவர்கள் கப்பலில் சீட்டுக் குலுக்கலில் அகப்பட்டதை அஸ்ஸாஃப்பாத் அத்தியாயம் சொல்கிறது. நபி (ஸல்) அவர்கள் பயணம் புறப்படும்போது தம் மனைவியரில் யாரை அழைத்துச் செல்வது என்று குர்ஆ போட்டார்கள் என்பது ஆயிஷா (ரழி) அவர்களின் பிரபலமான அறிவிப்பு. சூதில் ஒருவனது பொருள் இன்னொருவனுக்கு நியாயமின்றிப் போகிறது. குர்ஆவில் எல்லோருக்கும் சம உரிமையுள்ள ஒன்று, பிரிக்க முடியாதபடியால், மனத்தாங்கல் இல்லாமல் ஒருவரிடம் சேர்கிறது. இரண்டும் பைக்குள் கைவிடுவதுதான், நோக்கம் வேறு. அந்தத் தகப்பனாருக்கு நான் இதைத்தான் சொன்னேன்.

குர்ஆ பற்றிய ஹதீஸ்களில் கணக்கு வாத்தியாரை நிறுத்தி வைக்கக்கூடிய ஒன்று உண்டு. இம்றான் இப்னு ஹுஸைன் (ரழி) அறிவிப்பதாக ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. ஒருவர் மரணத் தறுவாயில் தம்மிடமிருந்த ஆறு அடிமைகளையும் விடுதலை செய்துவிட்டார். அவர்களைத் தவிர வேறு சொத்து அவருக்கு இல்லை. மரண நேரத்து நன்கொடை சொத்தில் மூன்றில் ஒன்றுக்கு மேல் செல்லாது. நபி (ஸல்) அவர்கள் அந்த ஆறு பேரையும் மூன்று பிரிவாக்கி, குர்ஆ போட்டு, இருவரை விடுதலை செய்தார்கள். நால்வர் அடிமைகளாகவே இருந்தனர். ஷாஃபிஈ மத்ஹப் இதை அப்படியே ஏற்கிறது. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்து வேறு: ஆறு பேரும் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு விடுதலையாகி, மிச்சப் பங்குக்கு உழைத்துக் கொடுக்க வேண்டும்.

இரண்டு கருத்துக்குள்ளும் ஒரே பின்னம் இருப்பதைப் பாருங்கள். ஹனஃபிகள் ஒவ்வொருவருக்கும் விடுதலையில் 1/3 கொடுக்கிறார்கள். குர்ஆ ஒவ்வொருவருக்கும் முழு விடுதலைக்கு 1/3 வாய்ப்பைக் கொடுக்கிறது. இருவர் கொண்ட மூன்று பிரிவு, அதில் ஒன்று தெரிவாகிறது, ஆகவே 1/3. பிரிவாக்காமல் ஆறு பெயரையும் ஒரு பானைக்குள் போட்டு, ஒன்றன்பின் ஒன்றாக இரண்டை எடுத்திருந்தால்? முதல் எடுப்பில் ஒருவரது பெயர் வர வாய்ப்பு 1/6. முதலில் வராமல் இரண்டாவதில் வர 5/6 × 1/5, அதுவும் 1/6. கூட்டினால் மறுபடியும் 1/3. எந்த வழியில் போனாலும் தனியொருவரின் பங்கு மாறவில்லை.

மேலே உள்ள வரியை இன்னொரு முறை வாசியுங்கள். இரண்டாவது எடுப்பில் வருவதற்கான வாய்ப்பும் முதல் எடுப்பில் வருவதற்கான வாய்ப்பும் சமம். இதைப் பலரும் நம்ப மாட்டார்கள். ஊரில் நமது பெண்கள் பிடிக்கிற சீட்டில் இதை வைத்து எத்தனை மனத்தாங்கல் வந்திருக்கிறது!

பன்னிரண்டு பேர், மாதம் 5,000 ரூபா, ஒவ்வொரு மாதமும் ஒருவருக்கு 60,000. வட்டி இல்லாததால் நமது வீடுகளில் இதற்குத் தனி மதிப்பு. யாருக்கு எந்த மாதம் என்று தீர்க்க, 1 முதல் 12 வரை எழுதிய துண்டுகளை ஒரு டின்னுக்குள் போட்டுக் குலுக்கி ஆளுக்கொன்றாக எடுப்பார்கள். எல்லோருக்கும் முதலாம் மாதம்தான் வேணும். "முதல்ல கை போடுறவளுக்குத்தான் வாசி. கடைசியா எடுக்கிற எனக்கு அடியில மிச்சம் கிடக்கிறதுதானே வரும், அதில என்ன நஸீபு?" என்று ஒரு ராத்தா சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். வேறொருத்தி அதற்கு நேர்மாறாக, பிந்தி எடுப்பதுதான் வாசி என்று நிற்பாள்: "மத்தவள் பிழையான துண்டுகள எடுத்துத் தொலைக்கட்டும்!"

இரண்டு பேர் சொல்வதிலும் பாதி உண்மை உண்டு. அந்த இரண்டு பாதியும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடுகின்றன. முதலில் எடுப்பவளுக்கு ஒன்றாம் இலக்கம் கிடைக்க வாய்ப்பு 1/12. இரண்டாமவளுக்குக் கிடைக்க வேண்டுமானால் முதலாமவள் அதை எடுத்திருக்கக் கூடாது, அதற்கு 11/12. பிறகு மிச்சமுள்ள 11 துண்டில் அது வர வேண்டும், 1/11. பெருக்கினால் மேலேயுள்ள 11ம் கீழேயுள்ள 11ம் வெட்டுப்பட்டு 1/12. மூன்றாமவளுக்கு 11/12 × 10/11 × 1/10. இதிலும் நடுவில் உள்ளவை எல்லாம் வெட்டுப்பட்டு 1/12தான். பன்னிரண்டாமவள் வரை இப்படியே. வாய்ப்பு போய்விடுமோ என்ற பயம் ஒரு பக்கம், துண்டுகள் குறைகிற நன்மை மறுபக்கம். தராசு நேராக நிற்கிறது.

ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. துண்டை எடுத்த உடனே விரித்துக் காட்டினால் கதை மாறும். முதலாமவள் விரித்துக் காட்டியது 7 என்றால் மற்றவர்களின் வாய்ப்பு 1/11 ஆக ஏறுகிறது. அவள் காட்டியது 1 என்றால் மற்றவர்களுக்கு ஒன்றுமேயில்லை. டின்னுக்குள் இருப்பது அதேதான், நமக்குத் தெரிந்தது மாறிவிட்டது. எனவே எல்லோரும் எடுத்து முடித்த பிறகு ஒரே நேரத்தில் விரிப்பதே மனத்தாங்கலைக் குறைக்கும். குர்ஆவின் நோக்கம் உள்ளங்களைத் திருப்திப்படுத்துவது என்று ஃபுகஹாக்கள் சொன்னார்கள். அந்தத் திருப்திக்குக் கணக்கும் சாட்சி சொல்கிறது.

மறுபடியும் சரித்திரத்துக்கு வருகிறேன். இமாம் கலீல் தொடங்கிய எண்ணும் முறை மேற்கே மொரோக்கோவில் இன்னும் உயர்ந்தது. 1228இல் வபாத்தான இப்னு முன்இம் மர்ராகிஷ் நகரில் இருந்த கணித அறிஞர், அந்தலூஸியாவில் பிறந்தவர். அவரது நூலின் பெயரே 'ஃபிக்ஹுல் ஹிஸாப்'. அதில் அவர் பட்டுக் குஞ்சங்களை எடுத்துக்கொள்கிறார். பத்து நிறப் பட்டு நூல் இருக்கிறது. அவற்றில் இரண்டு நிறம், மூன்று நிறம் என்று சேர்த்து எத்தனை விதமான குஞ்சம் கட்டலாம்? இரண்டு நிறத்தில் 45, மூன்று நிறத்தில் 120 என்று பத்து நிறம் வரை அட்டவணை போட்டார். பிறகு அதே அட்டவணையை வைத்து அறபுச் சொற்களின் எண்ணிக்கையைக் கணக்கிட இறங்கினார். பஸராவின் கேள்விக்கு மர்ராகிஷில் விடை எழுதப்பட்டது.

அவருக்குப் பின் வந்த இப்னுல் பன்னா (1256–1321) அட்டவணை இல்லாமலே இந்த எண்களைப் பெறும் விதியைத் தந்தார். பத்து நிறத்தில் இரண்டு வேண்டுமா? 10ஐ 9ஆல் பெருக்கி 2ஆல் வகு, 45. மூன்று வேண்டுமா? அந்த 45ஐ மிச்சமுள்ள 8ஆல் பெருக்கி 3ஆல் வகு, 120. உயர்தர வகுப்பில் சேர்மானம் என்று படிப்பிப்பது இதுதான். ஹதீஸில் வந்த ஆறு பேரில் இருவரைத் தெரிவு செய்ய 6 × 5 ÷ 2 = 15 வழிகள். ஒவ்வொருவரும் அந்தப் பதினைந்தில் ஐந்து வழிகளில் இடம்பெறுவார்கள். 5/15 என்பது மறுபடியும் 1/3.

ஆனால் நிகழ்தகவு என்ற இயல் மர்ராகிஷில் பிறக்கவில்லை. அது பிறந்தது ஐரோப்பாவில், சூதாட்ட மேசைக்குப் பக்கத்தில். இடையில் நின்றுபோன ஆட்டத்தின் பந்தயப் பணத்தை எப்படி நியாயமாகப் பிரிப்பது என்று பஸ்காலும் ஃபேர்மாவும் 1654இல் கடிதம் எழுதிக்கொண்டார்கள். 1657இல் ஒல்லாந்து நாட்டு அறிஞர் ஹைகன்ஸ் இதைப் பற்றிய முதல் அச்சு நூலை வெளியிட்டு, கடைசியில் ஐந்து கணக்குகளை வாசகர்களிடம் விட்டார். அதில் இரண்டாவது இப்படி: வெள்ளைக் காய் 4, கறுப்புக் காய் 8. மூன்று பேர் கண்ணைக் கட்டிக்கொண்டு முறைவைத்து ஒவ்வொன்றாக எடுக்கிறார்கள். முதலில் வெள்ளை எடுப்பவர் வெற்றி. மூவரின் வாய்ப்பும் எந்த விகிதத்தில் இருக்கும்?

எடுத்த கறுப்புக் காயைத் திரும்பப் போடுவதா, இல்லையா? கணக்கு அதைச் சொல்லவில்லை. சுவிற்சர்லாந்தின் யாக்கோப் பேர்னூலி இதைக் கவனித்து, ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாக விடை எழுதினார். அவர் 1705இல் இறந்து எட்டு வருடங்களுக்குப் பிறகு, 1713இல், அந்த நூல் வெளிவந்தது. திரும்பப் போட்டால் 9 : 6 : 4. போடாவிட்டால் 77 : 53 : 35. முதலாமவரின் வாய்ப்பு முதல் வகையில் 47.4 வீதம், இரண்டாவதில் 46.7 வீதம். மூன்றாமவருக்கு 21.1இலிருந்து 21.2 வீதமாகச் சற்றே கூடுகிறது. கறுப்புக் காய்கள் வெளியே போகப் போக உள்ளே வெள்ளையின் பங்கு ஏறுவதே காரணம்.

இங்கே ஒரு வாசகர் கேட்கலாம்: சீட்டில் எல்லோருக்கும் சமம் என்றீர்களே, இதில் ஏன் முந்தியவருக்கு வாசி? காரணம், சீட்டில் ஒன்றாம் இலக்கத் துண்டு ஒன்றே ஒன்று. அது கடைசித் துண்டாகவும் இருக்கலாம். எல்லோருக்கும் எடுக்கும் சந்தர்ப்பமும் உண்டு. ஹைகன்ஸின் ஆட்டத்தில் வெள்ளை நான்கு. முதல் வெள்ளை வந்ததும் ஆட்டம் முடிந்துவிடும், பிந்தியவரின் கை பைக்குள் போகாமலே போகலாம். குர்ஆ நடத்துபவர்கள் மனதில் வைக்க வேண்டிய வேறுபாடு இது. எல்லோரும் எடுத்து முடிக்கும் முறை நியாயமானது. முந்தியவன் வென்றதும் கலைந்துவிடும் முறையில் வரிசையே ஒரு சலுகை.

இப்போது என் மனதில் உள்ளதைச் சொல்கிறேன். இமாம் கலீலிடம் எண்ணும் முறை இருந்தது. ஃபுகஹாக்களிடம் குர்ஆ இருந்தது. இரண்டும் ஒரே சமூகத்தில், ஒரே மொழியில், பல நூற்றாண்டுகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ஃபிக்ஹின் விவாதம் குர்ஆ கூடுமா, எதில் கூடும், எப்படிப் போடுவது என்பதோடு நின்றது. ஆளுக்கு எத்தனையில் ஒரு பங்கு என்று எண் போட்டுப் பார்ப்பது அதன் வேலையாக இருக்கவில்லை. ஃபிக்ஹும் கணக்கும் சேரவே இல்லை என்றும் சொல்ல முடியாது. கலீபா மஃமூன் காலத்தில் குவாரிஸ்மி எழுதிய அல்ஜப்ரா நூலின் பெரும்பகுதி வஸிய்யத்தும் வாரிசுப் பங்கீடும்தான். ஃபராயிழில் சேர்ந்த இரண்டும் குர்ஆவில் சேரவில்லை.

ஆகவே மேடைகளில் சொல்லப்படுவது போல "நிகழ்தகவையும் நம்மவர்தான் கண்டுபிடித்தார்கள்" என்பது சரியல்ல. அது பஸ்கால், ஹைகன்ஸ், பேர்னூலி போன்றோரின் உழைப்பு. "இது அந்நியரின் சூதாட்டக் கணக்கு, நமக்கு வேண்டாம்" என்பதும் சரியல்ல. அதன் ஒரு தூண் அறபு அகராதியில் ஊன்றப்பட்டது. 28 × 27 × 26 என்று இறங்கி வருகிற அந்தப் படிகளில் முதலில் கால் வைத்தவர்களில் ஒருவர் மொழி படித்த இமாம்.

மத்ரஸாவில் குர்ஆ ஹதீஸை ஓதிக் கொடுக்கும் மவ்லவிமார் ஒரு நாள் ஆறு துண்டுகளை ஒரு தொப்பிக்குள் போட்டு, 1/3 எப்படி வருகிறது என்று மாணவர்களையே எண்ண விடலாம். பாடசாலையில் மர வரிப்படம் கீறுகிற ஆசிரியர்கள் தாயக்கட்டைக்குப் பதிலாக 28 எழுத்துக்களையும் சீட்டு டின்னையும் எடுக்கலாம். ஒரே பிள்ளைதான் காலையில் பாடசாலைக்கும் பின்னேரம் ஓதவும் போகிறது. இரண்டு இடத்திலும் அதே பின்னத்தைக் கண்டால் அந்தப் பிள்ளை இரண்டாவது கிளையில் எட்டு என்று எழுதாது.